எழுதியவர் கண்ணுக்கு மட்டும்

ஜெயசுந்தர் ஒரு கையால் தோசையைப் பிய்த்தபடி மறுகையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். கம்பெனி வேன் வரும் நேரம்.

“தோசையத் தின்னுங்க, போனத் தின்னுறாதீக” என்றாள் அவர் மனைவி பெர்சிஸ். சாத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் டூட்டிக்குக் கிளம்பவேண்டும்.

“இன்னும் ஒருத்தரும் பதில் போடல பெர்சிஸ்.”

‘நம்ம வட்டாரம்’ என்கிற இணைய மன்றத்தை அந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கரண்டு எப்போது போகும், எந்தக் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். அதில் ஜெயசுந்தர் எழுதியிருந்தார்: தான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் நாலு பேர் இருக்கவேண்டிய ரூமில் பத்துப் பேரை உட்காரவைக்கிறார்கள்; கலந்து மிஞ்சிய வெடிமருந்தை அழிக்காமல் மறுநாளுக்கு எடுத்து வைக்கிறார்கள்; தனியாகக் கேட்டால் வேலை போய்விடும்; வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து சூலக்கரைக்குப் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுப்போம்.

“காணாமப் போன மாட்டுக்கு அம்புட்டுப் பேரு பதில் போட்டிருக்கான். இதுக்கு ஒருத்தன் இல்ல. நான்தான் வீணாப் பயப்படுறேனோ என்னமோ.”

“அப்ப இன்னைக்கு லீவு போடுங்க.”

“சீசன்ல லீவா? மாமனார் வீட்டுக் கம்பெனின்னு நெனச்சியா?”

வேன் ஹாரன் அடித்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வழக்கம்போல் அதை அலமாரி மேல் வைத்துவிட்டு ஓடினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் இருந்த அந்த ரூம் வெடித்துத் தரைமட்டமானது. ஜெயசுந்தரின் உடலைப் பெர்சிஸ் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவள் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மன்றத்தில் ஜெயசுந்தரின் படம் மாலையோடு வந்தது. ‘கண்ணீர் அஞ்சலி – நிர்வாகம்.’ கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அவர் முன்பே எழுதியதை இவர்களுக்குக் காட்டவேண்டும் என்று பெர்சிஸ் தன் போனில் தேடினாள். இல்லை. அவர் போனை எடுத்துப் பார்த்தாள். இருந்தது. இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை.

“அழிக்கலக்கா, மறைச்சிருக்காங்க” என்றாள் கூட வேலை பார்க்கும் ஜாஸ்பின். “எழுதுனவுக கண்ணுக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரியாது.”

ஊரே வாய் மூடிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் வேனில் ஏறியிருக்கிறார். பெர்சிஸுக்கு அழுகை வரவில்லை. காது சுட்டது.

மன்றத்தை நடத்துவது யாரென்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. விளம்பரத்துக்குக் கொடுத்திருந்த நம்பர், சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ் முதலாளி அய்யாதுரையுடையது. இரண்டு போனையும் பையில் போட்டுக்கொண்டு நேரே போனாள்.

“வாம்மா, உக்காரு. ஜெயசுந்தர் தங்கமான மனுசன்” என்றார் அய்யாதுரை.

“அவர் எழுதுனத ஏன் மறச்சீக அண்ணாச்சி?”

அவர் மிஷின் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். “சீசன் நேரம்மா. வெளியூர்க்காரன் படிச்சா ஆர்டரு நின்னுரும். நம்ம ஊரு பொழப்பு அது. ஒருத்தன்கிட்டயும் நயா பைசா வாங்கல.”

“சரி. மறச்சுட்டேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னாச் சண்டைக்கு வருவாக. இப்படின்னா வம்பில்ல.”

“வம்பில்லையா? நீங்க மறச்சது தெரிஞ்சிருந்தா அவரு அன்னைக்கே சூலக்கரைக்குப் போயிருப்பாரு அண்ணாச்சி! எல்லாருக்கும் தெரிஞ்சும் யாரும் கேக்கலைன்னு நம்பி, வேலைக்குப் போனாரு. இன்னும் எத்தனை பேர இப்படி வச்சிருக்கீக? தெறங்க.”

அய்யாதுரை கம்ப்யூட்டரைத் திருப்பினார். மறைத்தவை இறங்கிக்கொண்டே வந்தன. அதே கம்பெனியைப் பற்றி மாரித்தாய் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அய்யப்பன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே கம்பெனி கேட்டுக்குள் போய்வந்த மூன்று பேர், ஆளுக்கொரு இருட்டறையில் நின்று கத்தியிருக்கிறார்கள். அய்யப்பனும் அதே ரூமில் செத்துப்போனவர்.

அய்யாதுரையின் முகம் செத்துவிட்டது. “நான் ஒண்ணொண்ணாத்தான்மா பார்த்தேன். சேத்துப் பாக்கல.”

“எல்லாத்தையும் தெறங்க. மறச்சது நான்தான், இதுக்காகத்தான் மறச்சேன், நான் லேபிள் அடிக்கிறவன்னு உங்க பேரு போட்டு எழுதுங்க. அதுக்கப்புறம் அந்த மாலை போட்ட படம் இருக்கட்டும்.”

அய்யாதுரை கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதினார். அந்த மூன்று பதிவோடு மறைத்தவையெல்லாம் வெளியே வந்தன.

கொஞ்ச நேரத்தில் பெர்சிஸின் பைக்குள் ஜெயசுந்தரின் போன் முனகியது. மாரித்தாய் பதில் போட்டிருந்தாள்: ‘அண்ணே, நானும் எழுதுனேன். நான் ஒருத்திதான்னு நெனச்சிட்டேன்.’

பெர்சிஸ் அதை அய்யாதுரையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இந்த ஒரு வரிக்குத்தான் தோசையக் கூடத் தின்னாமக் காத்துக் கெடந்தாரு.”

அய்யாதுரை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் அவர் பதிவுக்குக் கீழே ஒருவன், ‘ஊர் பொழப்பக் கெடுக்கிற துரோகி’ என்று திட்டியிருந்தான். அவர் கை தன்னால் மறைக்கும் பொத்தானுக்குப் போனது.

“கைய எடுங்க” என்றாள் பெர்சிஸ். “திட்டட்டும். பதில் சொல்லுங்க. நீக்கித்தான் ஆகணும்னா எதுக்கு நீக்குனேன்னு அவன்கிட்டயும் ஊருகிட்டயும் பேரு போட்டுச் சொல்லிட்டு நீக்குங்க. இன்னொருத்தன் வாயப் பொத்துற அதிகாரத்தைக் கையில எடுத்தா, முகத்தையும் காட்டணும் அண்ணாச்சி. முகத்தக் காட்டாமப் பொத்துனா, அது நிர்வாகம் இல்ல, கொலை.”

அய்யாதுரை கையை எடுத்தார்.