இரண்டாவது டிராம்போனின் இடம்

1

“ஆறு வருஷம் என் முதுகைப் பார்த்துட்டே வாசிச்சியே, ஓடெல். அதுல என்னத்தக் கண்டே?”

“நீ எப்ப மூச்சு இழுப்பேன்னு கண்டேன். உன் தோள் ஏறும். நானும் இழுப்பேன்.”

“அடப்பாவி! என் அழகைப் பார்த்தேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்.”

ஒரு கோடை மாலையில், சிகாகோவில் எங்கள் கீழ்வீட்டுத் தம்பதி இப்படிப் பேசியதை அவர்கள் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அப்புறம் மனைவி வேறு ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். அவள் விழுங்கிய அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதை. பெயர்களும் மீதியும் என் கற்பனை.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘1946இல் அந்தப் பதினாறு பேர் நடன இசைக்குழு கலைந்தபோது ஓடெல் அழு—’

இல்லை, அவன் அழுகிற ஆள் இல்லை. பாடகிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதிய பித்தளைக் குழலை, குழுவின் இரண்டாவது டிராம்போனை, பெட்டியில் வைத்து மூடினான். மறுவாரமே ஒரு ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்தான். ஐந்து வருடத்தில் தயாரிப்பாளர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கிற பொத்தானை அழுத்தி, “இன்னொரு தடவை” என்பான். அந்த இரண்டு சொல்லுக்குப் பெரிய பாடகர்களே பயந்தார்கள்.

குழு கலைந்த வருடமே அதன் பாடகியான வெர்னாவைக் கல்யாணம் செய்துகொண்டான். தன் ரெக்கார்டில் பாட மட்டும் அவளைக் கூப்பிடவே இல்லை.

3

இங்கேதான் ஓடெல்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பிரதியில் அவனைப் பொறாமைக்காரனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவனுக்கு இருந்தது பயம். பகலில் மனைவியிடம் “இன்னொரு தடவை” என்று சொல்லிவிட்டு, ராத்திரி அவளோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

(அவளும் கேட்கவில்லை. அவன்தான் கேட்க வேண்டும் என்று இருந்தாள். ஒரே மேஜையில் பதினோரு வருடம்.)

4

1957 ஜனவரி, மதியம், கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடம். வெளியே பனி. பாட வேண்டியவள் வந்து சேரவில்லை. வாத்தியக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடெல் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டோடு வெர்னா உள்ளே வந்தாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணி,” என்றான் ஒலிப்பதிவாளன் மில்ட். “மைக் முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. சத்தம் சரிபாக்கணும்.”

“நின்னு?”

“எதையாச்சும் பேசுங்க. ஒண்ணு ரெண்டு எண்ணினாக்கூடப் போதும்.”

“கோட்டையாவது கழட்ட விடுப்பா.”

மைக் முன்னால் நிற்கிற வெர்னாவின் முகத்தை ஓடெல் அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தான். அவள் தோள் ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் அவனும் மூச்சை இழுத்தான்.

இதற்குமேல் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவன் விரல் பொத்தானுக்குப் போகிறது. மற்றதில் அவன் எழுந்திருக்கிறான். இரண்டையும் அடித்துவிட்டேன். இவ்வளவு நேரம் அவனோடு இருந்தீர்கள். அவன் என்ன செய்வான் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவள் சொன்னதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

“ஒண்ணு, ரெண்டு… ஓடெல், எனக்குப் பாடணும். நீ கேப்பே கேப்பேன்னு இருந்தேன். இப்ப நானே கேக்கறேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து வேணாம். யார் வாத்தியத்தையாவது வாங்கிட்டு வந்து, என் பின்னாடி உக்காரு.”