கைராசிக்காரி

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணினியில் என் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழைத் திறந்தபோது அதில் அக்காவின் பெயர் இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே பெயர், அவளுடைய படம். என் விசா விண்ணப்பத்தில் சேர்ப்பதற்காகத் திறந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து அறைக்காரி. இந்த வீட்டில் எல்லோரும் ஊரை விட்டு இந்த நாட்டுக்குப் படிக்க வந்தவர்கள். படிப்பு முடிந்ததும், மாணவர் விசா தீர்வதற்குள் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை இங்கே யாரும் தங்கள் கையால் செய்வதில்லை, நான்தான் செய்வேன். முதலில் ஒருத்திக்கு விரலில் வெட்டுக்காயம் என்று கடைசிப் பொத்தானை அமுக்கிக் கொடுத்தேன், பதினோரு நாளில் விசா வந்தது. அடுத்தவளுக்கு ஒன்பது நாள். அதோடு என் பெயர் போய் 'கைராசி' என்றாகிவிட்டது. நான் அனுப்பும்போது விண்ணப்பத்துக்கு உரியவள் பார்க்கக் கூடாது, அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று வேறு ஒரு சட்டம். முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள் போட்ட சட்டம்தான். கேலி செய்துகொண்டே இருந்தேனே தவிர உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் என்னை ஏறெடுத்தும் பார்க்காத ஊரில், இந்த ஒரு வீட்டிலாவது நான் பெரிய ஆள்.

போன திங்கட்கிழமை அக்காவினுடையதை அனுப்பினேன். அவளுடைய சான்றிதழையும் என்னுடையதையும் ஒரே நாளில் நூலகத்தில் ஸ்கேன் செய்து பெயர்கூடப் போடாமல் வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான். திறந்து பார்க்காமலே ஒன்றைச் சேர்த்தேன். அவள் நடைவழியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். புதன்கிழமை அவளுடைய மாணவர் விசா முடிந்தது. இனி புதிதாக விண்ணப்பிக்க முடியாது.

நான்கு மணிக்கு அக்கா வந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிச் சிவந்த கைகள். ஒரு கையில் போன், அதில் அவள் மகள். நான்கு வயதில் கணவனிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. வேலை விசா வந்தால்தான் அவளை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். "அம்மாகிட்ட போகப் போறேன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாளாம்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். "முன் பல்லு விழுந்துடுச்சு. ஓட்டையக் காட்டுறா, கழுத."

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"பாலைப் பொங்க விட்டுட்டியா?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். "என்னோடதுதானே? நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"இது போகலக்கா. உங்களுக்கு என்னோடத வச்சு அனுப்பிட்டேன்."

ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இப்ப அனுப்ப முடியாதா?"

"அனுப்பலாம். ஆனா அன்னைக்கே சேத்திருக்கணும்னு விதி. ஏத்துக்கலாம், தள்ளியும் விடலாம்."

தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "மருந்து எடுக்கும்போது ஒரு தரம் சீட்டப் படிக்கணும், எண்ணும்போது ஒரு தரம், குடுக்கும்போது ஒரு தரம். ஊர்ல எட்டு வருஷம் மருந்துக்கடை, இங்க ரெண்டு வருஷம் அதே படிப்பு" என்றாள். "என் பிள்ளையோட காரியத்துக்கு மட்டும் கண்ண மூடிக்கிட்டு நின்னேன் பாரு."

நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாதடி. நீ அழுதா நான் தேத்தணும். எனக்கு இப்பத் தெம்பில்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருவருமாகக் கடிதம் எழுதிச் சான்றிதழைச் சேர்த்து அனுப்பினோம். ஒவ்வொரு வரியையும் அவளே வாய்விட்டுப் படித்தாள். அடுத்த நொடியே பதில் வந்தது. பெற்றுக்கொண்டோம், முடிவு தெரியும்வரை விசாரிக்க வேண்டாம் என்று இயந்திரம் போட்ட பதில்.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து கேட்டாள். "உன் விசா எப்ப முடியுது?"

"நாளைக்கு."

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். பட்டம், காப்பீடு, சான்றிதழ் என்று எல்லாவற்றையும் திறந்தாள். ஒரு முறை, இரண்டாம் முறை. மூன்றாம் முறையும் படித்தாள். எனக்கு இதைச் செய்ய அவளுக்கு என்ன தலையெழுத்து? வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் விசாவும் எனக்கு வேண்டியிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. அமுக்கு."

"நீங்க அமுக்குங்கக்கா. என் கை வேணாம்."

"கையில என்ன இருக்கு? உன் கையாலயே அமுக்கு."

கட்டிலில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. திரையில் பல் விழுந்த இடத்தைக் காட்டிச் சிரிக்கும் மகளின் படம். அக்கா எடுக்கவில்லை, திருப்பிப் போடவும் இல்லை. நான் பொத்தானின் மேல் விரலை வைத்தேன். பழக்க தோஷத்தில் வாசல் பக்கம் பார்த்தேன். நடைவழியில் யாரும் இல்லை. அக்கா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"கண்ணத் தொற" என்றாள்.