வாஞ்சிநாதனின் ஸ்வீடன் பூர்வீகம்

1.

இந்தக் கதை எனக்குக் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் கோயிலில், புளியோதரை வாங்கும் வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற ஜலஜா, பக்கத்திலிருந்த பெண்மணியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விஷயம் தெரியுமா? இவரோட பூர்வீகம் ஸ்வீடனாம்! ஸ்கூல்ல டீச்சர்கிட்டயே சொல்லிட்டு வந்திருக்கார். நான் ஒரு ஸ்வீடன்காரரைக் கல்யாணம் பண்ணிட்டு இத்தனை நாள் இட்லி போட்டுட்டு இருந்திருக்கேன்."

வரிசையே சிரித்தது. அவர் கணவர் வாஞ்சிநாதன் மட்டும் காகிதத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அந்தக் குனிந்த தலைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். நடந்தது 1997 மே மாதம், ஃப்ரீமான்ட்டில்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பால்டிக் கடலில், ஸ்வீடனின் கிழக்குக் கரையோரமாகத் தோர்ஸ்ஹோல்ம்* என்றொரு வட்டாரம் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய தீவு; சுற்றிலும் ஆள் இல்லாத பாறைத் திட்டுகள்; வடக்கே மீனவர் குடியிருப்பு, தெற்கே கம்பும் உருளைக்கிழங்கும்—" அடித்துவிட்டேன். ஸ்வீடனில் எங்கே கம்பு விளைகிறது? அது ரை என்ற தானியம். மேலும், இப்படி ஆரம்பித்தால் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

"வாஞ்சிநாதன் வெட்கத்தால் செத்துப்போனார், ஏனென்றால்—" இதுவும் வேண்டாம். மனுஷனை மேடையில் ஏற்றியதுமே சாகடிப்பானேன்?

மூன்றாவது தேறியது. "அப்பா, எனக்கு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு."

[* வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. நிஜத் தீவின் பெயரைப் போட்டால் ஸ்வீடன்காரர் யாராவது சண்டைக்கு வருவார் என்று பயந்து, நான்கைந்து தீவுகளைக் கலந்து நானே செய்தது.]

3.

அப்படிச் சொன்னது அவர்களுடைய ஒரே மகள் அஞ்சனா, ஐந்தாம் வகுப்பு. தமிழ் புரியும், பேச்செல்லாம் ஆங்கிலம்தான்.

"எத்தனை பாயின்ட்?" என்று கேட்டார் வாஞ்சிநாதன். நம்மவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? என்ன ப்ராஜெக்ட், எதற்காக, டீச்சர் என்ன சொன்னார், எதுவும் கேட்கவில்லை. மதிப்பெண் பெரிதாக இருந்தது. தீவு ஒன்றைப் பற்றி, புவியியலும் வரலாறும் வேண்டும் என்றாள். சரி, நாட்டு ரிப்போர்ட் மாதிரி ஏதோ ஒன்று என்று அவராக முடிவுகட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அது மகளுடைய ப்ராஜெக்டாக இல்லை.

அவருக்கு வேலை சான் ஹோசேயில், சிப் லேஅவுட். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் படம் வரைவதுதான் பிழைப்பு. தீவையும் அப்படியே செய்தார். சனிக்கிழமை ஆபீஸ் ப்ளாட்டரில் கரையோரக் கோட்டை அச்செடுத்தார். உயரத்துக்கு ஓர் அடுக்காக ஃபோம் போர்டை வெட்டி ஒட்டினார். அஞ்சனா கையில் பசையை வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது மட்டும் கொடுத்தாள்.

"அப்பா, கேன் ஐ கட் ஒன்?"

"வேணாம்மா, கோணிடும். நீ பாரு, கத்துக்கோ."

தீவு மெல்ல மெல்ல அவரைப் பிடித்துக்கொண்டது. பனியுகத்தில் பனி அழுத்திய பூமி இன்னமும் மேலே எழுந்துகொண்டிருக்கிறது என்றும், அந்தக் காலத்துப் படகுத்துறை இப்போது உருளைக்கிழங்கு வயலாகிவிட்டது என்றும் படித்தார். ராஜாவுக்கு வரி கட்ட உப்பிட்ட மீன். பதினெட்டாம் நூற்றாண்டில் ரஷ்யக் கப்பல்கள் வந்து ஊரை எரித்தபோது, மாதா கோயில் மணியைக் கழற்றிக் கடலில் மூழ்கடித்துக் காப்பாற்றினார்கள். பிறகு விளைச்சல் பொய்த்து, பாதித் தீவு அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் கப்பலேறியது. தீவுக்காரர் ஒருவருடைய வலைப்பக்கத்தைப் பார்த்து மின்னஞ்சல் போட்டு, எந்தக் கரை வளைவில் எந்தக் குடும்பத்தின் மீன்வலை காய்ந்தது என்றுகூடத் தெரிந்துகொண்டார். 880 ஃப்ரீவேயில் வண்டி நகராமல் நிற்கும்போதெல்லாம் தோர்ஸ்ஹோல்மில்தான் இருந்தார்.

தலைப்பை மட்டும் அஞ்சனா தானே செய்வதாகச் சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இதையாவது செய்கிறாளே என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

4.

பிள்ளைகள் செய்ததைப் பெற்றோர் வந்து பார்க்கும் ஓப்பன் ஹவுஸ் பள்ளியில் நடந்த அன்று ஜலஜா ஆபீஸிலிருந்து நேரே தன் காரில் வருவதாக ஏற்பாடு. வாஞ்சிநாதன் மகளோடு முன்னால் போய்விட்டார்.

வகுப்பறைக்குள் நுழைந்ததும் தன் தீவைத் தேடினார். ஜன்னலோரமாக, எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அதற்கு மேலே, மினுமினுப்புத் தூள் ஒட்டிய ஊதா எழுத்துகளில் தலைப்பு: என் குடும்பம் வந்த இடம்.

பக்கத்து மேஜைகளைப் பார்த்தார். குவாங்டாங். குவாதலஹாரா. லூதியானா. எல்லாவற்றுக்கும் அதே தலைப்பு. காது மடல் சூடானது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் காலணியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இங்கே வாசகர் குறுக்கே வருவார்: வாஞ்சிநாதனின் முகத்தைப் பார்த்து எந்த டீச்சர் ஸ்வீடன் என்று நம்புவார்? நியாயமான கேள்வி. நானும் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனவன்தான். ஆனால் அந்த ஊர் டீச்சர்கள், ஒருவருடைய நிறத்தைப் பார்த்து நீ எங்கிருந்து வந்தாய் என்று முடிவு செய்யவே கூடாது என்று பழக்கப்பட்டவர்கள். தத்து இருக்கலாம், கலப்பு மணம் இருக்கலாம். மரியாதையாக நம்பித்தான் ஆகவேண்டும்.)

மரியாதையாகத்தான் கேட்டார் அஞ்சனாவின் டீச்சர் மிஸஸ் பெக். "மிஸ்டர் நாதன், பிரமாதமான வேலை! தீவு உங்கள் பக்கத்துச் சொந்தமா, உங்கள் மனைவி பக்கமா?"

5.

இந்த இடத்தில் வாஞ்சிநாதனுக்கு மூன்று பதில்கள் எழுதினேன்.

ஒன்று: "மன்னிக்கணும், தப்பா நடந்துபோச்சு. நாங்க சவுத் இண்டியா." உண்மை. ஆனால் மொத்த வகுப்புக்கு முன்னால் அஞ்சனா பொய்க்காரி ஆவாள்.

இரண்டு: ஜலஜா அந்த நேரம் உள்ளே வந்து பேச்சை மாற்றுகிறார். [வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே வேண்டாம்.]

மூன்று, நடந்தது. "என் பக்கம்தான்," என்றார் வாஞ்சிநாதன். "என் அப்பாவோட பக்கம்."

அதோடு நிறுத்தியிருந்தால், மகளைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று நானும் அவரை விட்டிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. டீச்சர் தீவின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்க, நாக்கை மடக்கிச் சொல்லிக்காட்டினார். ரஷ்யக் கப்பல்கள் வந்தன. மணி கடலில் மூழ்கியது. பூமி எழுந்தது. நாலைந்து பெற்றோர் சுற்றி நின்று கேட்டார்கள். அமெரிக்காவுக்கு வந்து எட்டு வருஷத்தில், ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவர் தடுமாறாமல் ஆங்கிலம் பேசியது அன்றுதான். "எங்க ஆளுங்க அந்த மணியைத் திரும்ப எடுக்கவே இல்லை," என்றார். எங்க ஆளுங்க!

யாரோ கைதட்டினார்கள். நிமிர்ந்தபோது வாசலில் ஜலஜா நின்றுகொண்டிருந்தார், வாயைப் பொத்தி, சிரிப்பை அடக்க முடியாமல்.

அவமானம் அப்போதுதான் வந்தது. பொய் சொன்னதைக்கூட ஜீரணித்துவிடலாம். அந்தப் பத்து நிமிஷமும் தான் சந்தோஷமாக இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

6.

ஜலஜாவுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மிச்சத்தை வாஞ்சிநாதன் கோயில் பார்க்கிங்கில் என்னிடம் சொன்னார். கேட்டதும் நான் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும்போது அஞ்சனா அவரோடுதான் காரில் வந்தாள், பின்சீட்டில். மௌரி அவென்யூவில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது.

"ஏம்மா அப்படிப் போட்டே? நம்ம ஊரைச் சொல்ல உனக்கு வெக்கமா இருக்கா?"

கோபமாகத்தான் கேட்டார். அவர் பட்ட அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

"ஐ ஆஸ்க்ட் யூ ஃபர்ஸ்ட், அப்பா," என்றாள் அஞ்சனா.

"என்ன கேட்டே?"

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் போடுகிறேன். ப்ராஜெக்ட் கொடுத்த அன்றே அம்மாவிடம் கேட்டாளாம், அம்மா அப்பாவிடம் கேட்கச் சொன்னாராம். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். ஸ்கூலுக்கு எழுத வேண்டும், உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் சொன்ன பதிலை, அவருடைய தமிழிலேயே, அவருடைய குரலிலேயே அவள் திருப்பிச் சொன்னாள்:

"எங்க ஊர்லயா? அங்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் பொட்டல். நீ வேற நல்லதா ஒண்ணு எடு."

அதனால் அவள் வேறு நல்லதாக ஒன்றை எடுத்தாள். கலைக்களஞ்சியக் குறுந்தகட்டில் சிவப்பு வீடுகளோடு ஒரு தீவு அழகாக இருந்தது. அப்பாவுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனதை அவள் கண்ணால் பார்த்தாளே. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையை அவர் வெட்கமா என்று கேட்டுவிட்டார்.

வாஞ்சிநாதனுக்கு ஸ்டீயரிங் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் ஊர் சங்கரன்கோவிலுக்கு மேற்கே. பதினேழு வயது வரை அங்கே இருந்திருக்கிறார். அங்கே குளத்தை வெட்டியது யார், அவருக்குத் தெரியாது. எந்தப் பஞ்சத்தில் யார் யார் ஊரைவிட்டுப் போனார்கள், தெரியாது. படித்து எப்படி வெளியே போவது என்பதை மட்டும்தான் அங்கே கற்றுக்கொண்டார். முன்பின் பார்க்காத தீவில் வலை காய்ந்த இடமெல்லாம் தெரியும்.

"ஸோ, அப்பா? இஸ் தேர் சம்திங்?" என்றாள் அஞ்சனா. குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

7.

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். வாஞ்சிநாதன் சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டைத் துழாவினார். "க்ரீன் வந்துடுச்சு சார், கெளம்பிட்டோம்," என்றார்.

அவருக்காக நானே எழுதிப் பார்த்தேன்.

"எங்க ஊர்ல ஒரு குளம் இருக்கும்மா, அதுல—"

அதில் என்ன? அடித்துவிட்டேன்.

"எங்க தெருவுல ஒரு—"

இது என் ஊர்த் தெரு. அவருடையது இல்லை. என்னுடையதைப் பற்றியும் அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. [ஊர் வரலாறு, இரண்டு பத்தி, இங்கே வரவேண்டும். விசாரித்து எழுதுக.] யாரிடம் விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். வாஞ்சிநாதனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கிவிட்டேன், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பின்சீட்டிலிருந்து பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டு, கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவாள், ஒன்றும் இல்லை என்று சொன்னாலும்.

சிக்னலை நான் சிவப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். சொல்லுங்கள்.