அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்த குடுவை

மழைக்காலம் வந்தால் அருங்காட்சியகத்து ரோமானியக் கண்ணாடிகளுக்கு வியர்க்கும் என்பதால், ஊழியர்கள் ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வார்கள். இந்த வருடம் தனகோடிக்கு வாய்த்தது கழுத்து நீண்ட பச்சைக் குடுவை. வயது ஆயிரத்து அறுநூறு இருக்கும். மண்ணுக்குள் கிடந்து கிடந்து அதன் மேனியில் சோப்பு நுரையில் வெயில் பட்டதுபோல ஒரு வானவில் மினுக்கு ஏறியிருந்தது.

அவன் மனைவி அஞ்சுகத்துக்கு முதல் நாளே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எரியாதா பின்னே? கல்யாணமான நாளாய் அவள் இருமினால்கூடத் திரும்பிப் பார்க்காத மனுஷன், குடுவைக்கு விசிறி வீசினான். பருத்திக் கையுறை மாட்டி, இரண்டு கையாலும் தாங்கித்தான் எடுத்தான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்திலேயே அதற்கும் ஓர் இலை. அவன் சொல்வதையெல்லாம் அது வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, என்னையும் ஒரு நாள் அப்படிப் பாருங்களேன்," என்று கேட்டேவிட்டாள்.

"உன் மேல அந்த மினுக்கு இல்லையே அஞ்சுகம்," என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அவன் வேலைக்குப் போனதும் குடுவையைத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தாள். மினுக்கு தோல் தோலாகக் கழன்றது. கழன்றது கீழே விழாமல் அவள் கையில் ஒட்டி, தோளேறி, கழுத்துவரை படர்ந்தது. குடுவை வெறும் பச்சைக் கண்ணாடியாக நின்றது.

காப்பாட்சியர் லூர்துமேரி வந்து பார்த்தார். மினுக்கு யார்மேல் இருக்கிறதோ அவர்தான் காட்சிப்பொருள். அங்கே விதி அப்படி.

"மழை விட்டதும் இந்தம்மாவைக் கொண்டுவந்து வச்சிடுங்க தனகோடி. பார்த்து, கீழ போட்டுடாதீங்க."

இப்போது அஞ்சுகம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் தனகோடி கையுறையோடு வந்து, இரண்டு கையாலும் தாங்கி எடுத்து, துடைத்து, கண்கொட்டாமல் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறான். அவளுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அந்தக் குளிர்ச்சி மதியம்வரைதான். மதியம் குடுவை டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து அவனுக்குச் சோறு போடுகிறது. வத்தக்குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறான். அவள் கையால் ஒரு நாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை, பாவி.

குடுவை இப்போது முழுகாமல் இருக்கிறது. பெட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் வளைகாப்பை இந்தக் கூடத்திலேயே வைத்துக்கொள்ள லூர்துமேரி சம்மதித்துவிட்டார். முதல் வளையலை அஞ்சுகம்தான் போட்டுவிட வேண்டும் என்று குடுவை ஆசைப்படுகிறதாம்.