ஒரு வாய்க்கு முப்பது

பதினேழு, பதினெட்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்த குலசிங்கத்துக்குப் பத்தொன்பதில் பொறுமை போய்விட்டது. வாயில் இருந்தது சோறா, கஞ்சியா? இதை இன்னும் பதினொரு தரம் மென்றால்தான் விழுங்கலாமாம். கள்ளத்தனமாக விழுங்கினார்.

"முப்பது வரேல்லை," என்றாள் எதிரில் இருந்த மனைவி கிருசாந்தி.

"நீர் என்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறீரோ?"

"டொக்டர் பாக்கச் சொன்னவர்."

இரண்டு கிழமைக்கு முன்னர், லின்ஃபீல்டிலிருந்து நகரத்துக்குப் பஸ் ஓட்டிக்கொண்டு போனபோது நெஞ்செல்லாம் எரிந்து, வயிறு முறுக்கிப் பிடித்து, மனுசன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். பின்னால் இருந்த சனம் பயந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டது. ஆஸ்பத்திரியில் சோதித்து, இருதயம் கல்லுப்போலத் திடமாக இருக்கிறது, வயிறுதான் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். பதினெட்டு வருடம் பத்து நிமிட இடைவேளைகளில் ஒரு பெட்டிச் சோற்றை மெல்லாமல் உள்ளே தள்ளினால் வயிறு வேறென்ன செய்யும்? டொக்டர் மருந்தும் தந்து, ஒரு வாய்க்கு முப்பது தரம் மெல்லவும் சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை வயிறு அடங்கியிருந்தால் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் தருவார். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் வீடுதான்.

ஒரு மாதம்! இந்த இரண்டு கிழமையிலேயே கராஜை மூன்று தரம் ஒதுக்கியாயிற்று. எலுமிச்சை மரத்தை வெட்டி வெட்டி மொட்டையாக்கியாயிற்று. வீதியில் பஸ் ஏற்றம் ஏறும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஜன்னலுக்கு ஓடுவார். அவருடைய பஸ்ஸை இப்போது ஓட்டுகிறவன் திலக்சன். "மூண்டு நிமிசம் பிந்திட்டான்! உவனுக்கு உந்த ரவுண்டபவுட்டில திருப்பத் தெரியாது," என்று திட்டிவிட்டு வந்து கதிரையில் இருப்பார். இருந்தால் கால் ஆடும்.

அப்படிப்பட்ட மனுசனைச் சாப்பாட்டு மேசையில் அரை மணித்தியாலம் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்? கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம். அவள் போடுவாள், இவர் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கை கழுவுவார், அதற்குப் பிறகு அவள் தனியச் சாப்பிடுவாள். யாரும் போட்ட சட்டமில்லை, வீடு அப்படித்தான் நடந்தது. இப்போது இவர் மென்று முடிக்கும்வரை காத்திருந்தால் கறியெல்லாம் ஆறிவிடுகிறது என்று, இன்றைக்குத்தான் அவளும் தன் சாப்பாட்டுக் கோப்பையை எதிரில் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த வாயை எண்ணத் தொடங்கினார். டீவி போடக்கூடாது, ஃபோன் பார்க்கக்கூடாது. பார்க்க வேறொன்றும் இல்லாமல் அவளைப் பார்த்தார்.

சோறு மிதக்கும்வரை தேங்காய்ப்பால் சொதியை விட்டாள். ஒரு வாய் வைத்தாள். தலை வலப்பக்கம் லேசாகச் சரிந்தது. ஒன்று, இரண்டு, விழுங்கிவிட்டாள். அடுத்த வாய். ஒன்று, இரண்டு. குலசிங்கம் தன் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

குழைந்த சோறு, பருப்பு, பூசணிக்காய். "ஆசுப்பத்திரிச் சாப்பாடு" என்று அவர் புறுபுறுக்கத் தொடங்கியது இந்த இரண்டு கிழமையாக அல்லவே! அதற்கு எவ்வளவோ முன்னரே முருங்கைக்காய் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. அவளுக்குக் கைப்பக்குவம் மாறிவிட்டது என்று சொந்தக்காரர் முன்னால் பகிடி வேறு விட்டிருக்கிறார்.

"என்னப்பா, நீர் மெல்லுறேல்லையே?"

"நீங்கள் உங்கடையை எண்ணுங்கோ."

"வாயைத் திறவும் பாப்பம்."

"சாப்பிடேக்க என்ன விளையாட்டு?"

"திறவும்."

திறந்தாள். இடப்பக்கம் கீழே கடைவாய்ப்பல் பாதி இல்லை. மிச்சப் பாதி கறுத்துக் கிடந்தது. பல்லைச் சுற்றி முரசுத் தசை வீங்கிச் சிவந்திருந்தது.

"எப்ப உடைஞ்சது?"

"வருசத்துக்குச் சுட்ட முறுக்கு."

வருசம் பிறந்தது சித்திரையில். இப்போது ஆவணி.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப இருந்தனீங்கள், சொல்லுறதுக்கு?"

கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபித்திருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார். குலசிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. கோப்பையில் மிச்சமிருந்ததை எண்ணாமலே நெடுநேரம் மென்று முடித்தார்.

"நாளைக்கே பல்லு டொக்டரிட்டப் போவம்," என்றார்.

"ஓம். வெள்ளிக்கிழமை கடிதம் கிடைச்சா நீங்கள் சனிக்கிழமையே பறந்திடுவியள். அதுக்கு முதல் போனாச் சரி."

வெளியே பஸ் ஏற்றம் ஏறும் சத்தம் கேட்டது. கால் தன்பாட்டில் எழும்பியது. கதிரை பின்னுக்கு உரசியது. பாதி எழும்பிய குலசிங்கம் அவளுடைய கோப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தார். சத்தம் வீட்டைக் கடந்து இறக்கத்தில் போய் அடங்கியது. திலக்சன் பிந்திவிட்டானா என்று மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதே? எழும்பிக் கை கழுவுங்கோ, காயப்போகுது," என்றாள்.

"நீர் சாப்பிடும்."

விரல்களில் ஒட்டியிருந்த சோறு காய்ந்து இறுகத் தொடங்கியது. அவளுடைய கோப்பையில் இன்னும் நாலைந்து வாய் இருந்தது.