வெல்டாவின் வலது கை

நோட்டை எண்ணிக் கொடுத்துச் சாமான் வாங்கினால் பாவமில்லை. அட்டையைத் தேய்த்து வாங்குவது பாவத்துக்குப் பக்கத்து வீடு. கையைக் காட்டி வாங்குவதோ நேராக நரகத்தின் நடுக்கூடம். அமெரிக்காவில் ஆர்கன்சா மலைப்பக்கத்துச் சின்னச் சபை ஒன்றில் புதன்கிழமை வேதபாடம் எடுக்கும் ஹாய்ட் பல வருஷமாக இதைத்தான் சொல்லிவந்தார். கடைசி நாளில், வேதாகமம் சொல்லும் மிருகத்தின் முத்திரையை வலக்கையிலோ நெற்றியிலோ வாங்காதவனுக்குக் கடையில் ஒரு ரொட்டிகூடக் கிடைக்காது. வாங்கியவனுக்கு மேலே இடம் கிடைக்காது. கர்த்தர் தம்முடையவர்களை ஒரே நொடியில் உயிரோடு மேலே எடுத்துக்கொள்வார், அவர்கள் உடுத்திய துணி போட்டது போட்டபடி கீழே கிடக்கும்.

அவர் மனைவி வெல்டாவும் இதை முழுசாக நம்பினாள். அப்படி நம்பியவள்தான் போன மாதம் பெரிய பலசரக்குக் கடையில் கையை நீட்டிவிட்டு வந்தாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. மூட்டுவாதத்தில் விரல்களெல்லாம் வளைந்துபோய்விட்டன. பர்சிலிருந்து சில்லறையைப் பொறுக்கி எடுப்பதற்குள் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அன்றைக்கு ஒருத்தன் வாய்விட்டே சிரித்தான். கல்லாவிலிருந்த பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. "எதுக்கும்மா இந்தப் பாடு? உள்ளங்கைய இந்தக் கண்ணாடி மேல ஒருதரம் காட்டிப் பதிஞ்சிருங்க. பேங்க் கணக்கோட நான் சேத்து விடறேன். அப்புறம் பர்சையே தொறக்க வேணாம்" என்றாள். வெல்டா காட்டினாள். இடது கையைக் காட்டியிருக்கலாம். பழக்கதோஷம், வலது கை முந்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஹாய்ட்டிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அடுத்த வாரமும் கையைத்தான் காட்டினாள். வசதிக்கு ஒருதரம் ருசி கண்டுவிட்டால் பிறகு விடுவது கஷ்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படித்தான் சாமான் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் காரை நிறுத்தினாள்.

"ஹாய்ட்! பையெல்லாம் கனக்குது, வந்து எறக்கு!"

பதில் இல்லை. அவருடைய வண்டி வாசலிலேயே நின்றது. உள்ளே போனாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டி நிறைய ஆறிப்போன தண்ணீர். தரையில் சட்டை, கால்சட்டை, பனியன், காலுறை. மூக்குக்கண்ணாடி கழுவுதொட்டியின் விளிம்பில் இருந்தது. பக்கத்திலேயே அவருடைய பல்செட். அதுதான் அவளை உலுக்கிவிட்டது. பல்செட் இல்லாமல் ஹாய்ட் தபால்பெட்டி வரைக்கும்கூடப் போனதில்லை.

பக்கத்து வீட்டு நியோமாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. நியோமா சபைக்கு ஒரு நாள் தவறாதவள். போதகருக்கு அடித்தாள். அவரும் எடுக்கவில்லை. வெல்டா கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். நிச்சயமாக எடுத்துக்கொள்ளப்பட மாட்டான் என்று சொல்லக்கூடிய ஆள் யார்? ஹாய்ட்டின் தம்பி விர்ஜில். சீட்டு, விஸ்கி இரண்டையும் தவிர அவனுக்கு வேறு வேதமே கிடையாது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"விர்ஜில்! நீ இங்கதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன் அண்ணி? இன்னும் படுக்கைய விட்டே எந்திரிக்கல."

"உங்கண்ணன் போயிட்டாரு. நியோமா போயிட்டா. பாஸ்டரும் போயிட்டாரு. நீயும் நானுந்தான் மிச்சம்."

"என்ன அண்ணி, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டீங்களா? நானே இன்னும் ஆரம்பிக்கல."

போனை வைத்துவிட்டாள். மிருகத்தையோ, விடப்பட்டவர்களுக்கு வரப்போகிற ஏழு வருஷ உபத்திரவத்தையோ நினைத்துக்கூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவன் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்றுதான் ஆத்திரம் வந்தது. ஒருதரம் கீழே குனிந்து பார்த்திருக்கலாம். எல்லாம் இந்தக் கையால் வந்த வினை என்று நினைத்ததும் ஆத்திரம் அழுகையாகிவிட்டது. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. போதகர்.

"சிஸ்டர் வெல்டா, எங்க போயிட்டீங்க?"

"பாஸ்டர்! உங்களையுமா விட்டுட்டுப் போயிட்டாங்க?"

போதகரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

"நான் ஆஸ்பத்திரியில இருக்கேன் சிஸ்டர். ஹாய்ட் குளிக்கப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டாரு. முட்டை குடுக்க வந்த நியோமா சத்தம் கேட்டு ஓடிப் பாத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா. பதட்டத்துல போனைக்கூட எடுக்காம அவளும் ஏறி வந்துட்டா. இதயத்துலதான் கோளாறாம்."

"ஆஸ்பத்திரியிலதானா? ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

புருஷனுக்கு இதயக் கோளாறு என்று கேட்டு இப்படி மகிழ்ந்த பெண் அந்த வட்டாரத்தில் வேறு யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, நடுநடுவே நின்றுவிடுகிறது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும், அது துடிப்பையும் பார்த்துக்கொள்ளும், ஆஸ்பத்திரிக்குத் தகவலும் அனுப்பும் என்றாள். "வேண்டவே வேண்டாங்கறார். இப்படியே வீட்டுக்குப் போனா அடுத்த தடவை எந்திரிக்க மாட்டார். நீங்கதான் சொல்லணும்."

ஹாய்ட் பல்லில்லாத வாயோடு கட்டிலில் கிடந்தார். "சிப்பு வெக்கறாங்களாம். இன்னைக்கு நெஞ்சு, நாளைக்கு நெத்தி. நான் சுத்தமா போய்ச் சேந்துக்கறேன்."

வெல்டா எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"பலசரக்குக் கடையில இதப் பதிஞ்சுட்டு வந்துட்டேன். இன்னைக்குக் காலையிலகூட இதக் காட்டித்தான் வாங்கினேன்."

அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"வலதா?"

"வலதுதான். இன்னைக்கு வீட்டுக்கு வந்து உன் துணி கீழ கெடக்கறதப் பாத்தேன். என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன் ஹாய்ட். நீ சுத்தமா போறதுன்னா போ. நான் அங்க வர முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மயக்கம் தெளியறப்போ ஒரே வெளிச்சம்" என்றார். "வெள்ளை உடுப்புல ஆளுங்க. வந்துட்டோம்னே நெனச்சேன். இத்தன வருஷம் காத்திருந்த எடம் வெல்டா. சுத்திச் சுத்திப் பாத்தேன். நீ இல்ல."

"அப்புறம்?"

"எறக்கி விடுங்கடான்னு கத்தினேன். ரெண்டு நர்சுங்க வந்து அமுக்கிப் பிடிச்சாங்க."

அவர் கையை நீட்டி அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த டாக்டரக் கூப்பிடு" என்றார். "என் மனசு மறுபடி மாறறதுக்குள்ள."