கயிற்றின் கடைசி ஆள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கற்பிட்டிக் கடற்கரையில் கயிறிழுப்பு நடக்கும். முத்தலிபு ஹாஜியாரின் குடும்பத்தில் மூத்த ஆம்பிளைதான் கடைசி ஆளாக நிற்பார். கயிற்று நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு, குதிக்காலை மணலில் புதைத்து நிற்கும் அந்த இடத்தில் முன்பு அவருடைய வாப்பா நின்றார், அதற்கு முன் வாப்பாவின் வாப்பா நின்றார். இப்போது அவர். அறுபது தாண்டியும் தன் உப்பளத்தில் ஐம்பது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் தோளில் ஏற்றுகிறவர்.

அந்த ஒரே மூச்சுதான் தொல்லையாகிப் போனது. போன வருடம் மதுரங்குளியிலிருந்து சம்மந்தி ஹமீடின் ஆட்கள் வந்து எதிரில் நின்றார்கள். முதல் இழுவை இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது நீண்டுகொண்டே போனது. ஹாஜியாரின் கையில் பலம் இருந்தது, காலில் பலம் இருந்தது, நெஞ்சில்தான் காற்று இல்லை. கடைசி ஆள் அசைந்துவிட்டால் முன்னால் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்?

தோற்றதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்த வருடம் நோன்பு முடிந்த கையோடு தம்பி ஹுனைஸ் தொண்டையைச் செருமினார்.

"நானா, இந்தத் தரம் நுனியில நான் நிண்டா என்ன?"

"நான் மவுத்தான பிறகு நில்லு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஃபஹ்மியா. மகன் றிஸ்மினின் மனைவி; ஹமீடின் மகள். பெண்கள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. ஹுனைஸ் போனதும் தேத்தண்ணீரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, மூட்டை தூக்குறது பலத்துக்கு. அது உங்களுக்கு வேணுமான அளவு இருக்கு. காணாதது மூச்சு. பின்னேரத்தில கொஞ்சம் ஓடுங்களேன்."

"நான் ரோட்டுல ஓடினா, ஹாஜியார்ட வீட்டில நெருப்புப் பிடிச்சிட்டு எண்டு ஊரே வாளியோட வரும்."

"அப்ப ஓடாமலே ஓடுவம்."

கிணற்றடிக்கு இரண்டு சின்னப் போத்தல்கள் கொண்டுவந்தாள். உள்ளே ஈர மணல். குழந்தைப் பிள்ளைகூடத் தூக்கும். குந்தி எழும்பித் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். திரும்பக் குந்த வேண்டும். அவள் போதும் என்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. இருபதாவது தரத்தில் சிரிப்பு போனது. நாற்பதில் சாரத்தின் மடிப்பு நனைந்தது. பிறகு எண்ணிக்கை அவருடைய காதில் விழவில்லை. நெஞ்சு றபான் மேளம் அடிப்பதுபோல அடித்தது. எந்த மூட்டையும் அவரை இப்படி அடித்ததில்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தபோது, உடம்பு முழுக்க இரத்தம் ஓடித் திரிவது தெரிந்தது.

"நாளைக்கும் செய்வமா?" என்று அவரே கேட்டார்.

"நாளைக்கு மூட்டை. நாளண்டைக்கு இது. ரெண்டும் வேணும் மாமா, ஒண்டை விட்டா மற்றது உதவாது."

அப்படியே நடந்தது. கிழமைகள் போகப் போக, அவள் போதும் என்றாலும் அவர் விடவில்லை. ஹஜ்ஜு மாதம் பிறந்தபோது, தூக்கிக்கொண்டே அவளோடு கதைக்கும் அளவுக்கு மூச்சு நீண்டிருந்தது. மனதுக்குள் பெருநாள் முன்கூட்டியே வந்துவிட்டதுபோல ஒரு துடிப்பு.

ஆனால் பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டார். வியர்த்து வழிய, ஒரு சின்னப் போத்தலைத் திரும்பத் திரும்பத் தூக்கும் ஹாஜியார். பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தைரியம் சொல்லும் மருமகள். றஹ்மத் உம்மாவுக்கு வேறென்ன தோன்றும்? ஹாஜியாருக்குப் பாரிசவாதம், கை வழங்காமல் போய்விட்டது என்று அஸர் தொழுகைக்கு முன்னமே செய்தி பரவியது.

சுகம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிஸ்கட் பெட்டி, தோடம்பழம், துஆ. ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்து இருந்து எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். பாரிசவாதம் இல்லை என்றால், பிறகு போத்தல் எதற்கு என்று கேட்பார்கள். போன வருடத்து மூச்சைப் பற்றிப் பேச வேண்டி வரும். அந்தக் குடும்பத்தில் விளக்கம் சொல்லும் பழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் ஹமீடே வந்தார். வந்தவர் ஹாஜியாரின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"உணர்ச்சி இருக்கா மச்சான்?"

"இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். இந்தத் தரம் நுனியை ஹுனைஸுக்குக் குடுங்க. நாங்களும் மெல்லமாத்தான் இழுப்பம். நோயாளி வீட்டுக்காரரை விழுத்தினா எங்களுக்குத்தான் பழி."

ஹாஜியாரின் காது சிவந்தது. "கயிற்றைக் கொண்டு வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

ஹமீட் போனதும் மருமகளை அழைத்தார். "வாப்பாட்ட ஏதும் சொன்னீங்களா மகள்?"

"ஒண்டும் சொல்லல்ல. இந்த வீட்டுக் கதை இந்த வீட்டோட."

அவருக்கு அது போதும்.

பெருநாளுக்கு மறுநாள் ஊரே கடற்கரையில் நின்றது. ஹாஜியார் நுனியைச் சுற்றிக்கொண்டபோது சனம் முணுமுணுத்தது; யாரோ ஒருவர் அம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சிரித்தார். எதிர்முனையில் நின்ற ஹமீட் பரிதாபமாகப் பார்த்தார்.

முதல் இழுவையில் அவர்கள் மெல்லமாகத்தான் இழுத்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தார்கள். இரண்டாவதில் கோபம் வந்து இழுத்து வென்றார்கள். மூன்றாவதற்கு விசில் அடித்தது.

கயிறு விறைத்து நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வெயில், மணல், உள்ளங்கை எரிச்சல். போன வருடம் நெஞ்சு வெறுமையான அதே இடம் வந்தது. ஹாஜியார் காத்திருந்தார். மூச்சு வந்தது. விட்டார். இன்னொன்று வந்தது. கிணற்றடியில் குந்தி எழும்பிய அதே தாளத்தில் நெஞ்சு வேலை செய்தது. அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கியது.

"ஹுனைஸ், என்னடா பார்க்கிறாய், இழு" என்று கத்தினார்.

கயிற்று நுனியில் நிற்கிற ஆள் மூன்றாவது இழுவையில் கத்துவதை அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தக் குரலில் முன்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் புது உயிர் வந்தது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. எதிரில் ஹமீடின் வாய் மீனுடையதுபோலத் திறந்து மூடுவது தெரிந்தது. பிறகு அவருடைய குதிக்கால் மணலைக் கிழித்துக்கொண்டு வந்தது. மதுரங்குளி மொத்தமும் கோட்டைத் தாண்டிச் சரிந்தது.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹமீட் காலை நீட்டி மணலில் இருந்தார். மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார்.

"எந்த டொக்டர்ட மருந்து மச்சான்?"

ஹாஜியார் கயிற்று நுனியை உடம்பிலிருந்து அவிழ்த்துப் போட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னார்.

"எனக்கு நோய் ஒண்டுமில்ல. போன வருசம் எனக்கு மூச்சுக் காணல்ல. அதை உண்டாக்கித் தந்தது உங்கட மகள்."

தண்ணீர் கொண்டுவந்த ஃபஹ்மியாவை ஹமீட் நிமிர்ந்து பார்த்தார்.

"பெத்த வாப்பாவையே விழுத்திட்டியே புள்ள."

"கலியாணத்துக்கு முந்தியே உங்களுக்குத்தான் வாப்பா முதல்ல சொன்னன். போத்தல் தூக்க நான் என்ன பால்குடிக்கிற புள்ளையா எண்டு கேட்டுச் சிரிச்சீங்க."

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஹமீடுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு இல்லை.

"அப்ப எனக்கும் சொல்லித் தா. மதுரங்குளிக்கு வந்து ஒரு கிழமை நில்லு."

"அவ வரமாட்டா" என்றார் ஹாஜியார். "படிக்கிறவர்தான் படிப்பிக்கிறவ வீட்டுக்கு வரணும். நாளண்டைக்கு அஸருக்குப் பிறகு வாங்க மச்சான். எங்கட கிணற்றடியில இடமிருக்கு."